ரசிகர் ரீசேட் 60 அடிக்கணும்: சப்ளிமேஷனா, டிடிஎஃப்பா? மெஷின் வாங்கலாமா?

களுவாஞ்சிக்குடி_ரசிகன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். களுவாஞ்சிக்குடி, கல்முனைப் பக்கத்து ரசிகர் மன்றப் பொடியனுகள் அடுத்த படத்துக்கு 60 ரீசேட் கேட்கிறாங்க. கறுப்பு கொட்டன் ரீசேட், முதுகில பெரிய டிசைன், நெஞ்சில சின்ன லோகோ. படம் வர ஆறு கிழமை இருக்கு. இதையே ஒரு சின்னத் தொழிலாத் தொடங்கலாமெண்டு யோசினை.

வீட்டில எப்சன் டேங்க் பிறிண்டர் ஒண்டு இருக்கு. அதுல சப்ளிமேஷன் மை ஊத்தி, சூட்டோட அழுத்தி ஒட்டுற ஹீட் பிரஸ் ஒண்டு வாங்கினாப் போதும் எண்டு ஒருத்தர் சொல்றார். இன்னொருத்தர் கடன் எடுத்தாவது டிடிஎஃப் பிறிண்டர் வாங்கச் சொல்றார். எது சரி? படத்துட போஸ்டர இறக்கி அப்படியே அடிக்கலாமா? காசு எப்பிடி வாங்குறது, வியாபாரப் பதிவு வேணுமா? விபரம் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க.

மருதமுனை_நூல்காரன்:

தம்பி, முறைய முடிவு பண்றது மெஷின் இல்ல, துணி. துணி கறுப்பு கொட்டன் எண்டு சொல்லிட்டீங்க. அப்ப சப்ளிமேஷன் அந்த இடத்திலேயே வெட்டுப்பட்டுப் போகுது.

காரணம் இதுதான். சப்ளிமேஷன் மை 180, 200 பாகை சூட்டில ஆவியாகி பொலியெஸ்டர் இழைக்குள்ள போய்ப் பிடிக்கும். கொட்டன் இழையில அதுக்குப் பிடிமானமே இல்ல. பிரஸ் பண்ணின உடன ஏதோ நிறம் தெரியும், ரெண்டு கழுவலில போயிரும். அதோட சப்ளிமேஷனில வெள்ளை மை எண்டு ஒண்டு கிடையாது. துணியிட நிறந்தான் வெள்ளைக்குப் பதில் நிக்கும். அதனால வெள்ளை அல்லது மிக வெளிர் நிறப் பொலியெஸ்டருக்குத்தான் அது சரி. கிரிக்கெட் ஜேர்சி, குவளை, போன் கவர், சாவிக்கொத்து எல்லாத்துக்கும் நல்ல முறை. உங்கட ஓடருக்குச் சரிவராது.

வீட்டுப் பிறிண்டரப் பற்றியும் ஒரு வார்த்தை. எப்சன் டேங்கில சப்ளிமேஷன் மை ஓடும், ஏனெண்டா அதிட தலை மையச் சூடாக்காம அழுத்தித் தள்ளுது. கெனன், எச்பி தலைகள் சூட்டால மையத் தள்ளுறது, அதுல இந்த மை சரிவராது. ஆனா ஒரு தரம் ஊத்தினா அந்தப் பிறிண்டர் அதுக்கே போயிட்டுது எண்டு நினைங்க. பழைய மையோட கலந்தா நிறம் கெடும், குழாய் முழுக்கக் கழுவணும், உத்தரவாதமும் போயிரும். மறுகா பிள்ளைகள்ட பள்ளிக்கூட வேலைக்கு அதுல அடிக்கவும் ஏலாது. ஆகவே கை வைக்காதீங்க.

கறுப்பு கொட்டனில பல நிற டிசைன் எண்டா டிடிஎஃப். பிளாஸ்ரிக் ஃபிலிமில முதல்ல நிறங்கள், அதுக்கு மேல வெள்ளை அடிச்சு, ஈரம் காயமுதல் பசைத்தூள் தூவி, அடுப்பில தூளை உருக்கி எடுக்கிறது. அத ரீசேட்டில வச்சு பிரஸ் பண்ணினா வெள்ளை அடியிலயும் நிறம் மேலயும் வந்திரும். கொட்டன், பொலியெஸ்டர், கலப்புத் துணி எல்லாத்திலயும் பிடிக்கும்.

ஆனா டிடிஎஃப் பிறிண்டர் வாங்கச் சொன்ன ஆளிட பேச்சக் கேட்காதீங்க. வெள்ளை மையில இருக்கிறது ரைட்டேனியம் டயொக்சைட். பாரமான தூள், சும்மா விட்டா அடியில படிஞ்சு தலைய அடைக்கும். ஒவ்வொரு நாளும் மைய ஓட்டணும், தலையத் துடைக்கணும். தினமும் ஓடர் வாற கடைக்குத்தான் அது கட்டும். மாதத்துக்கு ரெண்டு ஓடர் வாற இடத்தில தலை மாத்துற செலவே லாபத்தத் திண்டுரும். ஃபிலிம் அடிச்சுக் குடுக்கிற கடைகள் மீற்றர் கணக்கில அடிச்சுத் தருவாங்க. நீங்க ஃபிலிம வெளியில அடிச்செடுத்து, பிரஸ் மட்டும் சொந்தமா வச்சிருந்தாக் காணும்.

ரீசேட் வாங்கக்குள்ள 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீற்றர் துணியிட நிறை, கிராமில) கேளுங்க. 160 எங்கட வெயிலுக்கு இதம்தான், ஆனா 28 சென்ரிமீற்றர் அகல டிசைன் அதில பாரமாத் தொங்கும். 220க்கு மேல போனா மே மாத வெக்கையில யாரும் போடமாட்டாங்க. முன்சுருக்கம் செஞ்ச துணியா எண்டு கேட்டு வாங்குங்க. இல்லாட்டி முதல் கழுவலில துணி சுருங்கும், டிசைன் சுருங்காது, ஓரமெல்லாம் அலை அலையா நெளியும். அளவு எடுக்கக்குள்ள எம், எல் எண்டு எழுத்த மட்டும் எழுதாதீங்க. ஒவ்வொரு தைப்பாளரிட எம்மும் வேற. நெஞ்சளவ அங்குலத்தில எழுதி வாங்குங்க.

மட்டுநகர்_அச்சு:

நூல்காரன் நானா சொன்னது சரி. ஒரு விசயம் மட்டும் சேர்க்கணும்: டிசைன் ஒரு நிறம் அல்லது ரெண்டு நிறம் எண்டா ஸ்கிரீன் பிறிண்டையும் (வலைச் சட்டத்தால மை தேய்ச்சு அடிக்கிறது) விசாரிங்க. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ஸ்கிரீன் கட்டணும், அந்தச் செலவு 60 ரீசேட்டுக்குப் பிரிஞ்சு போகும். கறுப்பில வெள்ளை எழுத்து மட்டும் எண்டா அதுதான் மலிவு, அதுதான் நீடிக்கும். முகம், நிழல், பல நிறம் எண்டு வந்தா டிடிஎஃப்தான்.

இப்ப ஃபைல். இந்த வேலையில கெட்டுப்போறது பெரும்பாலும் ஃபைல்லதான், அதனால கொஞ்சம் விரிவாச் சொல்றன்.

ஃபிலிம் கடையில முதல்ல கேளுங்க, அச்சடிக்கிற அகலம் எவ்வளவு எண்டு. 60 சென்ரிமீற்றர் ரோலில சாதாரணமா 58 வரைக்கும் அடிக்கலாம். 30 ரோலும் இருக்கு. 58 எண்டு வச்சுக்கொண்டா, முதுகு டிசைன 28க்கு 24 சென்ரிமீற்றராப் போடுங்க. பக்கத்தில பக்கத்தில ரெண்டு நிக்கும். இடைவெளியோட ஒரு வரிசைக்கு 25 சென்ரிமீற்றர், ஒரு மீற்றருக்கு 4 வரிசை, அதாவது 8 டிசைன். 60 டிசைனுக்கு ஏழரை மீற்றர். நெஞ்சு லோகோ 8க்கு 8 எண்டா வரிசைக்கு 6, பத்து வரிசை, 90 சென்ரிமீற்றர். மொத்தம் 8.4 மீற்றர். நீங்க 9 மீற்றர் சொல்லுங்க. மிச்சத்தில 4 முதுகு டிசைனும் 6 லோகோவும் கூட வரும், பிழைச்சுப்போறதுக்கு அது கட்டாயம் வேணும். டிசைன 30 அகலத்துக்குக் கூட்டினீங்க எண்டா நேரா வச்சு பக்கத்தில பக்கத்தில ரெண்டு நிக்காது, திருப்பி அடுக்கினாலும் ஃபிலிம் கிட்டத்தட்ட காற்பங்கு கூடப் போகும். ரெண்டு சென்ரிமீற்றருக்காக அப்படிச் செய்யத் தேவையில்ல.

28க்கு 24 சென்ரிமீற்றர 300 டிபிஐயில (அங்குலத்துக்கு 300 புள்ளி) அடிக்க 3307க்கு 2835 பிக்சல் வேணும். 150 டிபிஐக்குக் கீழ போனா முகத்திட ஓரம் படிக்கட்டு மாதிரித் தெரியும். வட்ஸ்அப்பில படமா அனுப்பினா அது சுருக்கி அனுப்பும். டொக்கியுமெண்டா அனுப்புங்க, இல்லாட்டி ட்ரைவில போட்டு லிங்க் குடுங்க. சின்னப் படத்த ஏஐ செயலியால பெரிசாக்கிறது முகத்துக்கு ஆபத்து. தோல் மெழுகு மாதிரி ஆகும், கண்ணும் பல்லும் கொஞ்சம் மாறினாலே அது வேற ஆள். ரசிகனுக்கு அது முதல் பார்வையிலேயே தெரியும்.

பின்னணி இல்லாத பிஎன்ஜியாச் சேமியுங்க. கறுப்பு ரீசேட்டில கறுப்புப் பகுதிய அடிக்க வேணாம், வெட்டி எடுத்திருங்க. துணியே கறுப்பு, காத்தும் போகும், ஃபிலிமும் மெலிசா இருக்கும். பாதி தெரியிற புகை, ஒளிவட்டம் எல்லாம் டிடிஎஃப்பில சரியா வராது. அந்த இடத்தில வெள்ளை அடியில வந்து சாம்பல் படலமா நிக்கும். புகை கட்டாயம் வேணுமெண்டா புள்ளிகளா மாத்தச் சொல்லுங்க. அரை மில்லிமீற்றருக்கு மெலிசான கோட்டில பசைத்தூள் போதுமான அளவு ஒட்டாது, கழுவக்குள்ள முதல்ல உரியிறது அதுதான்.

தமிழ் எழுத்து. எங்கட பக்கத்துக் கடைகள் பலதில இன்னும் பாமினிதான் ஓடுது. நீங்க பாமினியில அடிச்ச ஃபைல், அந்த எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில ஆங்கில எழுத்துக் குப்பையாத் திறக்கும். யுனிகோட்டில அடிச்சாலும், பழைய ஃபோட்டோஷொப்பில தெற்காசிய மொழி அமைப்பப் போடாம விட்டா கொம்பு எழுத்துக்குப் பின்னால போய் நிக்கும். ரெண்டுக்கும் மருந்து ஒண்டுதான்: அனுப்ப முதல் எழுத்த உருவமா மாத்துங்க. இலஸ்ரேற்றரில கன்ட்ரோல், ஷிஃப்ட், ஓ. கோரல் ட்ரோவில கன்ட்ரோல், கியூ. மாத்தின பிறகு திருத்த ஏலாது, அதனால மூல ஃபைல வேறயா வைங்க. மன்றத்துப் பெயர, ஊர்ப் பெயர ரெண்டு பேரை வச்சு எழுத்துக் கூட்டி வாசிக்க வைங்க. 60 முதுகில எழுத்துப்பிழை நிக்கிறது பெரிய அவமானம்.

இன்னொண்டு: படம் வாற திகதியையோ, முதல் காட்சி நேரத்தையோ ரீசேட்டில போடாதீங்க. படங்கள்ட திகதி தள்ளிப்போறது வழமை. தள்ளிப்போனா அந்த 60 ரீசேட்டும் பிழையான திகதியோட நிக்கும்.

அக்கரைப்பற்று_சட்டம்:

போஸ்டர் பற்றிய கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அதற்கு மட்டும் எழுதுகிறேன்.

போஸ்டரை அப்படியே அடித்து விற்கக்கூடாது. போஸ்டரும், அதிலுள்ள நிழற்படமும், படத்தலைப்பை எழுதியிருக்கும் வடிவமும் தயாரிப்பு நிறுவனத்துக்கோ அதை உருவாக்கியவருக்கோ உரியவை. இலங்கையில் இதை ஆள்வது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம். இந்தியாவும் இலங்கையும் பேர்ண் உடன்படிக்கையில் உள்ள நாடுகள் என்பதால், சென்னையில் உருவான படைப்புக்கு இங்கேயும் பாதுகாப்பு உண்டு. "லாபம் எடுக்கவில்லை, மன்றத்துக்குத்தான்" என்பது பிரதி எடுத்ததை இல்லாமல் ஆக்காது. போஸ்டரைப் பார்த்துக் கோட்டோவியமாக வரைந்தாலும் அது அந்தப் போஸ்டரின் தழுவல்தான்.

நடிகரின் முகமும் பெயரும் தனிக் கேள்வி. 2015இல் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு ஹிந்திப் படத்தில் ரஜினிகாந்தின் பெயரையும் உருவத்தையும் பாணியையும் பயன்படுத்துவதற்கு எதிராக அவர் தொடுத்த வழக்கில் அவர் பக்கம் நின்றது. 2023 ஜனவரியில் அவருடைய சட்டத்தரணி, அனுமதியின்றி அவர் பெயர், படம், குரல் ஆகியவற்றை வணிகத்துக்குப் பயன்படுத்துவோருக்கு எதிராகப் பொது அறிவித்தல் வெளியிட்டார். இந்திய நீதிமன்றத் தீர்ப்பு இலங்கை நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் பெரிய நடிகர்களின் பக்கம் இதை எவ்வளவு கவனமாகப் பார்க்கிறது என்பது இதிலிருந்து விளங்கும். நடைமுறையில் உங்களைத் தேடி முதலில் வருவது வழக்கு அல்ல. உரிமையாளர் முறையிட்டால் பேஸ்புக், இன்ஸ்டகிராம் பதிவு நீக்கப்படும். திரும்பத் திரும்ப நடந்தால் பக்கமே போய்விடும். புதிதாகத் தொழில் தொடங்குகிறவருக்கு அந்தப் பக்கம்தான் கடை.

அதனால் என் ஆலோசனை: மன்றத்தின் பெயர், ஊரின் பெயர், நீங்களே எழுதிய ஒரு வரி, நீங்களே வரைந்த வடிவம் ஆகியவற்றை வைத்து டிசைனைக் கட்டுங்கள். களுவாஞ்சிக்குடி என்று பெரிய எழுத்தில் முதுகில் வந்தால் அது வேறு எந்த ஊர் ரீசேட்டிலும் இராது. ஓவியம் தெரிந்த ஒருவரை வைத்து வரைவித்தால், டிசைனைப் பயன்படுத்தும் உரிமை உங்களுக்கு என்று ஒரு தாளில் எழுதி, இருவரும் கையொப்பமிடுங்கள். நடிகரின் உருவம் வந்தே ஆகவேண்டும் என்றால் எழுத்தில் அனுமதி பெறுவதுதான் வழி. மன்றத் தலைமை வாயால் சொன்ன சம்மதம் தயாரிப்பு நிறுவனத்தின் அனுமதி ஆகாது.

விளம்பர ரீல் போடும்போது படப்பாடலைச் சேர்க்காதீர்கள். வியாபாரக் கணக்குக்கு மெட்டா தரும் இசைத் தொகுப்பு வேறு. மற்றப் பாடலைப் போட்டால் ஒலி முடக்கப்படலாம்.

பதிவு: உங்கள் சொந்தப் பெயரல்லாத ஒரு பெயரில் வியாபாரம் செய்தால் வியாபாரப் பெயரைப் பதிய வேண்டும். உங்கள் பிரதேச செயலகத்தில் விண்ணப்பம் எடுக்கலாம். தேசிய அடையாள அட்டைப் பிரதி, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், இடத்துக்கான காணி உறுதி அல்லது வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொண்டு போங்கள். ஒன்று குறைந்தாலும் இன்னொரு நாள் அலைய வேண்டிவரும். பெயர் பதிவு வேறு, வியாபாரச் சின்னப் பதிவு வேறு. சின்னம் கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில். இப்போதைக்கு அது உங்களுக்கு அவசரம் இல்லை.

ஏறாவூர்_பிரஸ்:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். பிரஸ் பண்ற முறைய நான் சொல்றன்.

38க்கு 38 சென்ரிமீற்றர் பிரஸ் உங்கட டிசைனுக்குக் காணும். வாய் மாதிரித் திறக்கிறதும் இருக்கு, மேல்தட்டு பக்கத்துக்குச் சுழலுறதும் இருக்கு. சுழலுறது கைக்குப் பாதுகாப்பு, அழுத்தமும் சமமா விழும். 1800 வாட் மெஷின் ஏறத்தாழ 8 அம்பியர் இழுக்கும். சுவரில இருக்கிற 13 அம்பியர் பிளக்கில நேரா மாட்டுங்க. மல்ரி பிளக்கில, மெல்லிய நீட்டு வயரில மாட்டினா வயர் உருகும், சூடும் ஏறி இறங்கும்.

போட்டு 15 நிமிசம் விடுங்க. திரையில 155 காட்டினாலும் தட்டிட ஓரம் நடுவ விடக் குறைவா இருக்கலாம். அகச்சிவப்பு வெப்பமானியால நடுவையும் நாலு மூலையையும் பாருங்க. 10 பாகைக்கு மேல வித்தியாசமெண்டா டிசைன நடுவில வைங்க, மூலையில நம்பாதீங்க.

ரீசேட்ட தட்டில விரிக்காம, கீழ்த்தட்டுக்கு உடுத்தி விடுங்க. அப்ப ஒரு பக்கத் துணிதான் அழுத்தத்தில வரும். கழுத்துத் தையல், தோள் தையல் தட்டுக்கு வெளியில நிக்கணும். தையல் உள்ள வந்தா அந்த உயரத்தில மேல்தட்டு நிண்டுரும், பக்கத்தில அழுத்தமே விழாது. டிசைன் பாதி ஒட்டிப் பாதி உரியிறதுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

முதல்ல வெறும் ரீசேட்ட 5 முதல் 8 செக்கன் அழுத்துங்க. ஈரம் ஆவியாப் போகும், சுருக்கமும் நீங்கும். மார்கழி மழைக் காலத்தில இத ரெண்டு தரம் செய்ங்க. பிறகு ரீசேட்ட நீளவாக்கில மடிச்சு ஒரு தரம் தட்டினா நடுக்கோடு விழும், அதுதான் உங்கட அளவுகோல். முதுகு டிசைன் பின்கழுத்துத் தையலில இருந்து 8, 10 சென்ரிமீற்றர் கீழ தொடங்கணும். நெஞ்சு லோகோ போடுறவரிட இடப்பக்கம், தோள் தையல் கழுத்தச் சேருற இடத்தில இருந்து 18 சென்ரிமீற்றர் அளவில கீழ.

சூடு 150 முதல் 160, நேரம் 10 முதல் 15 செக்கன், அழுத்தம் நடுத்தரத்துக்குக் கொஞ்சம் மேல. ஃபிலிம் குடுத்த கடை வேற அளவு சொன்னா அதையே பிடியுங்க, தூளுக்குத் தூள் மாறும். சூட்டோட உரிக்கிறதா, ஆறவிட்டு உரிக்கிறதா எண்டும் கேளுங்க. ஆறவிட்டு உரிக்கிற ஃபிலிம சூட்டோட இழுத்தா நிறம் ஃபிலிமோட வந்திரும். சீமெந்து நிலத்தில விரிச்சுப் போட்டா சீக்கிரம் ஆறும், தகரக் கூரைக்குக் கீழ மேசையில வச்சா ஆறாது. ஒரு மூலைய மெதுவாத் தூக்கிப் பாருங்க, எழும்பினா அப்படியே திரும்ப வச்சு 5 செக்கன். உரிச்ச பிறகு பட்டர் பேப்பர் வச்சு இன்னொரு 10 செக்கன் கட்டாயம். அந்த ரெண்டாவது அழுத்தம்தான் பசைய இழைக்குள்ள இறக்குது. நேரம் மிச்சம் பிடிக்க அத விடுற ஆக்கள்ட ரீசேட்தான் மூணாம் கழுவலில வெடிக்கிறது.

ஃபிலிம வாங்கின உடன பின்பக்கத்தப் பாருங்க. தூள் உருகி தோடம்பழத் தோல் மாதிரிப் பளபளப்பா இருக்கணும். மணல் மாதிரி நறநறத்தா வேகல்ல, திருப்பிக் குடுங்க. மேல எண்ணெய் மாதிரி பூத்திருந்தா ஈரம் குடிச்சிருக்கு. காத்துப் போகாத பையில சிலிக்கா ஜெல் போட்டு வைங்க, அடிச்ச ஃபிலிம மாதக்கணக்கில வச்சிருக்காதீங்க.

ஒரு ரீசேட்டுக்கு ரெண்டு பக்கமும் சேர்த்து நாலு நிமிசம் வைங்க. 60க்கு நாலு மணித்தியாலம். கடைசி நாள் இரவுக்கு விட்டிராதீங்க, கரண்ட் போனா எல்லாம் போச்சு.

சம்மாந்துறை_கணக்கு:

முறையெல்லாம் சரி. ஆனா முதல் ஓடருக்குப் பிரஸ் வாங்கிறதையே நான் மறுக்கிறன். கணக்கப் பாருங்க. விலைகள் உதாரணத்துக்குத்தான், நீங்க கேட்ட விலையப் போட்டுக்கொள்ளுங்க.

வெறும் ரீசேட் 900, ஃபிலிம் மீற்றர் 1,800 எண்டா 9 மீற்றருக்கு 16,200, ஒரு ரீசேட்டுக்கு 270. பை, கரண்ட், கூலி வண்டி 80. சேர்த்து 1,250. பழுதுக்கு நூற்றுக்கு 5 போட்டா 1,312. உங்கட கைவேலைக்கு 150, மொத்தம் 1,462. 1,750க்கு வித்தா மிச்சம் 288, 60க்கு 17,280. பிரஸ் 45,000 எண்டு வைங்க, அத எடுக்க 157 ரீசேட் வேணும். கைவேலைக் கூலியையும் சேர்த்துப் பார்த்தாலும் 103. ஒரு ரசிகர் ஓடர் அத அடைக்காது. ஃபிலிம் அடிக்கிற கடையிலேயே ரீசேட்டுக்கு இவ்வளவு எண்டு பேசி பிரஸ்ஸும் பண்ணி எடுங்க. பாடசாலை இல்லங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டி, கிரிக்கெட் கழகம், உதைபந்தாட்டக் கழகம் எண்டு ரெண்டு ஓடர் கையில வந்த பிறகு பிரஸ் வாங்குங்க. தொழில நடத்துறது அந்த ஓடர்கள்தான். படம் வருசத்துக்கு ஒண்டோ ரெண்டோதான் வரும்.

முற்பணம் பாதி எண்டு சொல்லுவாங்க, அது போதாது. பழுதுக்கு 3 சேர்த்து 63 ரீசேட்டும் 9 மீற்றர் ஃபிலிமும் 72,900. ஆளுக்கு 1,200 வாங்கினா 72,000, உங்கட சொந்தக் காசு கிட்டத்தட்ட உள்ள போகாது. பட்டியலில பெயர் போட்டவர் ஓடர் தந்தவர் இல்ல. காசு வந்த பெயருக்குத்தான் ரீசேட். துணி வாங்கின பிறகு முற்பணம் திரும்பாது எண்டு முதலே எழுதி எல்லாருக்கும் அனுப்புங்க. மன்றத்தில ஒருத்தர்தான் பொறுப்பு, 60 பேரோட தனித்தனியா கதைக்கப் போகாதீங்க.

பணம் அனுப்பின சிலிப்பிட படத்த நம்பி சாமான் குடுக்காதீங்க. படத்தத் திருத்துறது ரெண்டு நிமிச வேலை. உங்கட வங்கிச் செயலியத் திறந்து மீதிய நீங்களே பாருங்க. வங்கிகளுக்கிடையில காசு மாத்துற லங்காபேயிட செஃப்ட்ஸ் வழியா வந்தா உடனே விழும். "நாளைக்கு விழும்" எண்டா சாமானும் நாளைக்கு. அனுப்புறவர குறிப்பில தன்ட பெயரையும் அளவையும் எழுதச் சொல்லுங்க, பட்டியலோட பொருத்த லேசு.

நாளையும் பின்னோக்கி எண்ணுங்க. படத்துக்குப் பத்து நாளைக்கு முதல் ரீசேட் கைக்கு வரணும். துணி கொழும்புப் புறக்கோட்டையில இருந்து வருதெண்டா வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம், போயா நாள் எல்லாத்தையும் கழிச்சுப் பாருங்க. முற்பணத்துக்கு மூணாம் கிழமைக் கடைசி எண்டு பூட்டுங்க.

களுவாஞ்சிக்குடி_ரசிகன்:

எல்லாருக்கும் பெரிய நன்றி. போஸ்டர விட்டுட்டு ஊர்ப் பெயர் வச்சே டிசைன் செய்யிறம், பிரஸ் இப்ப வாங்கல்ல. ரெண்டு கேள்வி மிச்சம். 12 பேர் மெரூன் நிறப் பொலியெஸ்டர் ஜேர்சிதான் வேணும் எண்டு நிக்கிறாங்க. அதிலயும் இதே ஃபிலிம் சரிவருமா? மற்றது, கடைக்காரன் நல்லாச் செய்திருக்கானா எண்டு எப்பிடிச் சோதிக்கிறது?

ஏறாவூர்_பிரஸ்:

ஒட்டும் தம்பி, ஆனா மெரூனும் சிவப்பும் மோசமான நிறம். சப்ளிமேஷனில மை ஆவியாகிற அதே வேலைதான் இங்கயும். ஜேர்சியிட சாயமே சூட்டில ஆவியாகி மேல வந்து உங்கட வெள்ளைக்குள்ள ஏறும். பிரஸ் பண்ணின அண்டைக்கு வெள்ளையாத் தெரியும், ரெண்டு மூணு நாளில இளஞ்சிவப்பாகும். அதனால அண்டைக்கே பார்த்து நல்லம் எண்டு சொல்லிராதீங்க. 130, 135 பாகையில உருகிற தூள் போட்ட ஃபிலிம் கேளுங்க, அல்லது சாயத்தத் தடுக்கிற கறுப்புப் படலம் உள்ள ஃபிலிம். ரெண்டும் கடையில இல்லையெண்டா அந்த 12 பேருக்கு டிசைன வெள்ளை இல்லாம கறுப்பு எழுத்தில மாத்துங்க. சாயம் ஏறினாலும் கண்ணில படாது. 155இல அடிச்சா பொலியெஸ்டரில தட்டிட சதுர அடையாளமும் பளபளப்பா நிக்கும், கழுவினாலும் போகாது.

சோதனைக்கு ஒவ்வொரு துணியிலயும் ஒரு ரீசேட் முதல்ல செய்விச்சு எடுங்க. ஆறின பிறகு டிசைன ரெண்டு கையாலயும் மெதுவா இழுத்துப் பாருங்க. வெடிப்புக் கோடு தெரிஞ்சா சூடோ நேரமோ குறைவு. நகத்தால ஓரத்தச் சுரண்டுங்க, எழும்பினா அழுத்தம் குறைவு. 24 மணித்தியாலம் விட்டு, உட்பக்கம் வெளியில திருப்பி, பச்சைத் தண்ணியில அஞ்சு தரம் கழுவுங்க. ஒவ்வொரு தரமும் நிழலில காயவிட்டுத்தான் அடுத்த கழுவல். மெரூன் ஜேர்சிய மூணு நாள் வச்சு, ஒரு வெள்ளைத் தாளப் பக்கத்தில பிடிச்சு நிறத்தப் பாருங்க. இதெல்லாம் சரியெண்டாத்தான் மிச்சத்துக்கு ஓம் சொல்லணும். அந்தச் சோதனை ரீசேட்ட கடையிலேயே விட்டிட்டு வாங்க, மிச்சத்த அதோட வச்சுப் பார்த்து எடுக்கலாம்.

மட்டுநகர்_அச்சு:

ஜேர்சிக்கு எழுத்து நிறத்த மாத்தினா அத வேற ஃபைலா, வேற பெயரில குடுங்க. ஒரே ரோலில 48 கறுப்புக்கும் 12 மெரூனுக்கும் சேர்த்து அடுக்கினா வெட்டக்குள்ள மாறும், அதோட குறைஞ்ச சூட்டுத் தூள் வேற ரோலாத்தான் ஓடும். அதுக்கும் ரெண்டு டிசைன் மேலதிகமாப் போடுங்க: 12க்கு 7 வரிசை, 14 டிசைன், 1.75 மீற்றர், லோகோவுக்கு மூணு வரிசை 27 சென்ரிமீற்றர். ஆக 2.02 மீற்றர் வருது. ஒவ்வொரு வரிசை இடைவெளியையும் ரெண்டு மில்லிமீற்றர் அளவில குறைச்சா 2 மீற்றருக்குள்ள அடங்கும், கடைக்காரரிட்டச் சொல்லி அடுக்குங்க.